செகண்ட் ஹேண்ட் அட்வெஞ்சர் பைக்... உங்கள் இடுப்பு சம்மதிக்கிறதா?

"டாக்டர்... லடாக் போகணும்னு ரொம்ப நாள் ஆசை. புது வண்டி ரோட்டுக்கு வரும்போது மூணு லட்சத்தைத் தாண்டிடுது. செகண்ட் ஹேண்ட்ல ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். எடுக்கலாமா?"

நாடி பிடித்துக்கொண்டிருக்கும்போதே இப்படிக் கேட்கிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். இருபத்தைந்து வயதுப் பையன்கள் மட்டுமல்ல. பிள்ளையைக் காலேஜில் சேர்த்து, வீட்டுக் கடனையும் ஒரு வழியாக அடைத்து முடித்து, 'இனிமேலாவது நமக்குன்னு ஒண்ணு' என்று நினைக்கிற நாற்பத்தைந்து வயது அப்பாக்களும்தான்.

'சித்த வைத்தியரிடம் கேட்கிற கேள்வியா இது?' என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் மெக்கானிக்கைத் தேடுவதற்கு முன்னால் ஒரு வைத்தியரிடம்தான் இதைக் கேட்க வேண்டும். ஏனென்றால், பழைய வண்டியில் கெட்டுப்போன பாகத்தை மாற்றிவிடலாம். உங்கள் முதுகெலும்புக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கிடையாது!

டெல்டாவுக்குப் பெரிய வண்டி புதிதல்ல. 1955-ல் சென்னையில் என்ஃபீல்டு நிறுவனம் தொடங்கப்பட்ட பிறகு, வாய்க்கால் கரையில் புல்லட்டில் போய் வயல் பார்க்கிற மிராசுதார்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர். இப்போது வருகிற 'அட்வெஞ்சர் டூரிங்' வண்டிகள் வேறு ஜாதி. தார் ரோட்டிலும் போக வேண்டும், கல்லிலும் சேற்றிலும் போக வேண்டும், நாள் முழுக்க ஓட்ட வேண்டும் என்பதற்காகவே செய்தவை. முன் சக்கரம் பெரியது, தரைக்கும் எஞ்சினுக்கும் இடைவெளி அதிகம், ஷாக் அப்சார்பர் நீளம். அதனாலேயே சீட்டும் உயரம்.

2016-ல் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் (411 சி.சி.) வந்த பிறகுதான் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டுகிற விலையில் இந்த வண்டிகள் பரவின. 2018-ல் ஓசூரில் தயாரான பி.எம்.டபிள்யூ. ஜி 310 ஜி.எஸ்., 2019-ல் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200, 2020-ல் கே.டி.எம். 390 அட்வெஞ்சர், 2022-ல் சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்.எக்ஸ். என்று வரிசையாக வந்தன. 2023 கடைசியில் 452 சி.சி.யில் புது ஹிமாலயன் வந்ததும் பழைய 411 நிறுத்தப்பட்டது. இன்று செகண்ட் ஹேண்ட் சந்தையில் நீங்கள் அதிகம் பார்ப்பது இவைதான்.

காலை அளந்தீர்களா?

எல்லோரும் வண்டியை அளக்கிறார்கள். சி.சி. எவ்வளவு, மைலேஜ் எவ்வளவு என்று. தன் காலை யாரும் அளப்பதில்லை.

செருப்பில்லாமல் சுவரில் முதுகு ஒட்ட நில்லுங்கள். கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்றைத் தொடைகளுக்கு நடுவே, சைக்கிள் சீட்டில் உட்கார்ந்தது போல மேலே ஏற்றி அழுத்திப் பிடியுங்கள். தரையிலிருந்து நோட்டின் மேல் விளிம்பு வரை வீட்டில் யாரையாவது டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். ஐந்தரை அடி உயரமுள்ளவருக்குப் பெரும்பாலும் 30 அங்குலத்தை ஒட்டி வரும்.

இப்போது வண்டிகளைப் பாருங்கள். பழைய ஹிமாலயனின் சீட் உயரம் 800 மில்லிமீட்டர், அதாவது முப்பத்தொன்றரை அங்குலம். எக்ஸ்பல்ஸ் 823 மில்லிமீட்டர். வி-ஸ்ட்ராம் எஸ்.எக்ஸும் ஜி 310 ஜி.எஸ்ஸும் 835. அந்த 2020 கே.டி.எம். 855, அது முப்பத்து மூன்றரை அங்குலத்துக்கும் மேல்! நாம் உட்கார்ந்ததும் ஷாக் கொஞ்சம் அமுங்கும், ஷூ கொஞ்சம் உயரம் கொடுக்கும் என்பது உண்மை. ஆனால் சீட் அகலமாக இருந்தால் கால் விரிந்து, அந்த லாபம் போய்விடும். ஆகவே நம்பரை மட்டும் நம்பாமல் ஏறி உட்கார்ந்து பாருங்கள். இரண்டு பாதங்களின் முன்பாதியாவது ஒரே நேரத்தில் தரையில் பதிய வேண்டும். கட்டைவிரல் நுனி மட்டும்தான் படுகிறது என்றால் அந்த வண்டி உங்களுக்கு இல்லை. எவ்வளவு மலிவாக வந்தாலும் சரி.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? என்னிடம் வந்த ஒருவரைச் சொல்கிறேன். ஆபீஸ் உத்தியோகம், வயது 47. உயரமான பழைய வண்டி ஒன்றை ஆசையாக வாங்கினார். எங்கோ மலையில் விழவில்லை. ரயில்வே கேட்டில், நின்றுகொண்டிருந்தபோது விழுந்தார்! ரோட்டின் ஓரச் சரிவில் இடது காலை ஊன்றப் போனார். தரை இரண்டு அங்குலம் கீழே இருந்தது. வண்டி சாய்ந்தது. சாய்ந்த வண்டியை மனிதர் விடவில்லை, பிடித்து நிறுத்தப் பார்த்தார். கணுக்காலில் எலும்பு முறிவு, இடுப்பில் பிடிப்பு. மூன்று மாதம் வேலைக்குப் போகவில்லை. ஸ்பீடே இல்லாமல் நடந்த விபத்து இது.

பழைய ஹிமாலயனின் கடைசி ரகங்கள் 199 கிலோ. இரண்டு மூட்டை நெல்லுக்கு மேல் வரும்! சாயும் வண்டியை ஓர் அளவுக்கு மேல் பிடித்து நிறுத்த யாராலும் முடியாது. விட்டுவிட்டு விலகிக்கொள்ளுங்கள். பிறகு தூக்கும்போது குனிந்து இழுக்காதீர்கள். வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு கையால் ஹேண்டிலையும் மறு கையால் பின்பக்கக் கம்பியையும் பிடித்து, காலால் உந்தி பின்னோக்கி அடியெடுத்து வைத்து எழுப்ப வேண்டும். விற்பவர் வீட்டு வாசலில் வண்டியைப் படுக்கப்போட்டுப் பழக முடியாதுதான்! அதற்குப் பதிலாக எஞ்சினை அணைத்துவிட்டு, இறங்கி நின்று, வண்டியை எட்டு போட்டு ஒரு சுற்று தள்ளிப் பாருங்கள். அதற்கே மூச்சு வாங்கினால் லேசான வண்டியாகப் பாருங்கள். எக்ஸ்பல்ஸ் 154 கிலோதான். எங்கள் பக்கத்து உடல்வாகுக்கும், வாய்க்கால் கரை ரோட்டுக்கும், முதல் முறை வாங்குகிறவருக்கும் நான் அதைத்தான் சொல்வேன். ஹைவேயில் அது கொஞ்சம் திணறும், இருக்கட்டும்.

'ஏன் விக்கிறீங்க?'

நோயாளி வந்தால் முதலில் 'என்ன செய்யுது?' என்று கேட்கிறோம் அல்லவா? அதே போல விற்பவரிடம் முதல் கேள்வி இதுதான். இந்த ரக வண்டிகளில் ஒரு விசேஷம் உண்டு. நாலைந்து வருஷம் ஆகியும் பத்தாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாமல் நிறைய வண்டிகள் விற்பனைக்கு வரும். 'அடடா, புதுசு மாதிரி இருக்கே!' என்று பாய்ந்துவிடாதீர்கள். ஆசையில் வாங்கி, ஒரே ஒரு நீண்ட பயணம் போய்விட்டு வந்து நிறுத்தியவராக இருக்கலாம். 'கால் எட்டலை', 'ஆபீஸ் போக வர கனமா இருக்கு', 'முதுகு புடிச்சுக்குது' என்று உண்மையைச் சொல்லிவிட்டால், அந்த வண்டியில் கோளாறு குறைவாக இருக்க வாய்ப்பு உண்டு. கூடவே ஒரு எச்சரிக்கையும் உண்டு: அவர் உயரமும் எடையும் உங்களுக்கும் என்றால், அவர் முதுகு சொன்னதை உங்கள் முதுகும் சொல்லும்!

இன்னொரு வகை, மலை மலையாக அடித்துத் துவைத்த வண்டி. கிலோமீட்டர் மீட்டர் பொய் சொல்லலாம். பாத ரப்பரும் கைப்பிடி ரப்பரும் பொய் சொல்லாது. மீட்டர் பன்னிரண்டாயிரம் காட்டி, கியர் லீவர் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள். சர்வீஸ் பில்கள் கேளுங்கள்.

எண்வகைத் தேர்வு வண்டிக்கும் உண்டு

நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எட்டு விதமாக நோயாளியைப் பரிசோதிப்பது சித்த மருத்துவ முறை. வேடிக்கையாகச் சொல்வதாக நினைக்காதீர்கள், பழைய வண்டிக்கு இது அப்படியே பொருந்தும்.

முதலில் ஸ்பரிசம். 'நான் வரும் வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க' என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த எஞ்சினில் தெரிகிற கோளாறு எதையோ மறைக்க முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கலாம். ஒரு மணி நேரம் கழித்து வருகிறேன் என்று சொல்லி டீ குடிக்கப் போய்விடுங்கள்.

குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போது கேட்கிற சத்தம்தான் மொழி. கடகடவென்ற சத்தம் சூடேறியும் குறையவில்லை என்றால் மெக்கானிக் காது வேண்டும். புகையைப் பாருங்கள்: காலையில் கொஞ்ச நேரம் வெள்ளை ஆவி வந்து நின்றுவிட்டால் பயமில்லை. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது; எஞ்சின் வேலை காத்திருக்கிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அளவுக்கு மீறிப் போகிறது. வண்டி நின்ற இடத்தில் தரையில் ஆயில் சொட்டு இருக்கிறதா? அது மூத்திரப் பரீட்சை! ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். பால் கலந்த டீ நிறத்தில் குழம்பியிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அதோடு எழுந்து வந்துவிடுங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியும் இப்படித்தான் சிக்கும். 2023 டிசம்பரில் முதலில் சென்னையிலும், இரண்டே வாரத்தில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்திலும் எத்தனை வண்டிகள் தண்ணீரில் நின்றன! சீட்டைக் கழற்றி அடியில் வண்டல் படிந்திருக்கிறதா, ஒயர் இணைப்புகளில் பச்சைக் களிம்பு இருக்கிறதா, மீட்டர் கண்ணாடிக்குள் ஆவி படர்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

இனி எலும்பும் மூட்டும். நான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வது இங்கேதான். முரட்டு ரோட்டில் ஓடிய வண்டிக்கு எஞ்சினைவிட மூட்டுகள்தான் முதலில் தேயும், நம்மைப் போலவே. முன் சக்கரம் தரையில் படாதபடி தூக்கி நிறுத்தி, ஹேண்டிலை மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் 'டக்' என்று ஒரு பள்ளத்தில் விழுவது போல இருந்தால் கோன் செட் போய்விட்டது. பின் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், ஆட்டம் இருக்கக்கூடாது. முன் ஃபோர்க் குழாயில் விரலைத் தடவினால் ஆயில் பிசுக்கு ஒட்டுகிறதா? சீல் போயிருக்கிறது. கம்பிச் சக்கரம் என்றால் ஒவ்வொரு கம்பியையும் சிறிய ஸ்பேனரால் தட்டுங்கள். எல்லாம் ஒரே மாதிரி கணீரென்று பேச வேண்டும், 'தொத்' என்று பேசுவது தளர்ந்த கம்பி. கூச்சப்படாமல் பழைய பேப்பர் விரித்துத் தரையில் படுத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். எஞ்சின் காப்புத் தகட்டில் கீறல் சகஜம். பெரிய பள்ளம் என்றால் பாறையில் மோதியிருக்கிறது. ஹேண்டிலுக்குக் கீழே சேஸிஸ் இணைப்புகளில் விரிசலோ, அந்த இடத்தில் மட்டும் புது பெயின்டோ இருந்தால் வேண்டாம்.

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருஷம் 23-வது வாரம் செய்தது. பட்டன் தேயாமல் இருந்தாலும் ஆறு வயதைத் தாண்டிய டயரை நம்பி மலை ஏறாதீர்கள். டயர் ஜோடியையும் செயின் ஸ்பிராக்கெட்டையும் மாற்றும் செலவைக் கேட்கிற விலையிலேயே கழித்துப் பேசுங்கள். ஏ.பி.எஸ். பிரேக் உள்ளதாகப் பாருங்கள். 2019 ஏப்ரலிலிருந்து 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு அது கட்டாயமாகிவிட்டது. அதற்கு முந்தையது என்றால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கல்லணை வரை ஒரு நடை

தெருமுனை வரை ஓட்டிப் பார்த்து 'நல்லாத்தான் இருக்கு' என்று சொல்வது, வாசலில் நிற்கிறவரைப் பார்த்து 'ஆரோக்கியமா இருக்கார்' என்று சொல்வது போல. எங்கள் பூதலூரில் யாராவது கேட்டால், திருக்காட்டுப்பள்ளி போய், கோவிலடி வழியாகக் கல்லணை வரை ஓட்டிவிட்டு வரச் சொல்வேன். தார் ரோடு, ஊருக்கு ஊர் வேகத்தடை, குறுகிய பாலம், ஓரத்தில் மண் என்று எல்லாம் கிடைக்கும். விற்பவரைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டே போங்கள். அவருக்கும் பயமிருக்காது, பாரம் ஏற்றினால் ஷாக் எப்படி என்பதும் தெரிந்துவிடும்.

ஓட்டும்போது உடம்பைக் கவனியுங்கள். முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும், மணிக்கட்டு ஒடியக்கூடாது. ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நின்றால் இடுப்பை வளைத்துக் குனியாமல் ஹேண்டில் கைக்கு வர வேண்டும். அரை மணியில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்தால் மணிக்கட்டு நரம்பு அழுந்துகிறது. வால் எலும்பில் எரிச்சல் என்றால் சீட் ஃபோம் அமுங்கிப்போயிருக்கிறது. சீட்டையும் ஹேண்டில் உயரத்தையும் மாற்றலாம், பெரிய செலவில்லை. ஆனால் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது கீழ்முதுகில் 'சுருக்'கென்று குத்தி, அது பிட்டம் வழியாகக் காலுக்கு இறங்கினால், மாற்ற வேண்டியது சீட் அல்ல. முதலில் முதுகைக் காட்டுங்கள்.

சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் இந்த ஆசையைத் தள்ளிப்போடுவது நல்லது. பிரேக்கில் எவ்வளவு அழுத்தம் போகிறது என்பதும் தெரியாது, எஞ்சின் சூடு காலைச் சுடுவதும் தெரியாது. புண் வந்த பிறகு என்னிடம் வந்து என்ன பயன்?

சிறுநீர், மலம், பசி, தாகம், தூக்கம் உட்படப் பதினான்கு வேகங்களை அடக்கக்கூடாது என்பது சித்த மருத்துவம். பைக்கில் நீண்ட பயணம் போகிறவர்கள் இந்த ஐந்தையும் ஒரே நாளில் அடக்குகிறார்கள்! தொப்புளுக்குக் கீழே வாதத்தின் இடம். அங்கேயே நாள் முழுக்க அதிர்வு, மேலே காற்று, உள்ளே வறட்சி. மூலமும் மலச்சிக்கலும் இடுப்புப் பிடிப்பும் வராமல் என்ன செய்யும்? ஒன்றரை மணிக்கு ஒரு தரம் இறங்கி நடந்து, தண்ணீர் குடியுங்கள். பயணம் முடிந்த மறுநாள் நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளியுங்கள். ஆனால் காலுக்கு இறங்குகிற வலியோ மரப்போ இருக்கும்போது தொக்கணம், தட்டல் என்று யாரிடமும் முதுகைக் கொடுக்காதீர்கள். அதோடு இரண்டு தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நான் உட்பட எந்த வைத்தியரிடமும் நேரத்தைக் கழிக்கக்கூடாது.

லே போவதும் அப்படித்தான். தஞ்சாவூர் கடல் மட்டத்திலிருந்து 60 மீட்டர்கூட இல்லை. லே 3,500 மீட்டர். கர்துங் லா கணவாய் 5,300 மீட்டருக்கு மேல். லே-யில் இரண்டு நாள் சும்மா இருந்து உடம்பைப் பழக்கிய பிறகே மேலே போக வேண்டும். தலைவலியோடு வாந்தியும் தள்ளாட்டமும் வந்தால் கீழே இறங்குவதுதான் மருந்து. கஷாயம் அங்கே வேலைக்காகாது. முதல் பயணமே லடாக் வேண்டாம் என்பது என் கட்சி. வண்டியும் நீங்களும் பழக, 70 கொண்டை ஊசி வளைவுகளோடு கொல்லிமலை பக்கத்திலேயே இருக்கிறது. மூலிகைக்காகச் சித்தர்கள் தேடிப்போன மலை. மூன்றாம் நாள் முதுகு என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொண்டு வடக்கே டிக்கெட் போடலாம்.

காகித விஷயம்

ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் வண்டியில் பொறித்ததோடு ஒத்துப்போகின்றனவா என்று நீங்களே படித்துப் பாருங்கள். பெயர் மாற்ற 29, 30 படிவங்கள். கடன் இருந்தால் அடைத்ததற்கு 35. வேறு மாநில வண்டி என்றால் 28-ம் படிவத்தில் என்.ஓ.சி.; இங்கே சாலை வரி தனியாகக் கட்ட வேண்டும் என்பதால், பெங்களூரு வண்டியின் மலிவு விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள். வாங்கிய 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள், 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள். இதே வண்டியை நாளை நீங்கள் விற்கும்போதும் இது பொருந்தும். ஆர்.சி.யில் யார் பெயரோ அவர்தான் விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

வண்டியோடு 'ஹெல்மெட் ஃப்ரீ சார்' என்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது எத்தனை முறை விழுந்ததோ! புதிதாக, ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு, இரண்டு வாங்குங்கள்.

ஏன் இரண்டு? பின்னால் உட்காரப் போகிறவரை மறந்துவிட்டீர்களே! அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் வீட்டம்மாவையும் ஒரு முறை ஏற்றிப் பாருங்கள். இந்த வண்டிகளில் பின் சீட்டுக்கு ஏறுவதே ஒரு தேகப்பயிற்சி. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ரொம்பக் கஷ்டம். பிடித்துக்கொள்ளக் கம்பி உறுதியாக இருக்கிறதா, ஃபுட்ரெஸ்ட் எட்டுகிறதா, சைலன்சர் கணுக்காலைச் சுடுகிறதா என்று அவர் வாயால் கேளுங்கள். முக்கியமாக, பின் சக்கரத்தின் சாரி கார்டு. கம்பெனியில் சட்டப்படி மாட்டித்தான் கொடுப்பார்கள். 'லுக் போயிடுது' என்றோ, பெட்டி மாட்ட இடைஞ்சல் என்றோ முதல் ஓனர் கழற்றியிருப்பார். முந்தானையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சுற்றிக் கழுத்தை இழுத்த கதைகள் ஆஸ்பத்திரிகளில் ஏராளம். அநேகமாக அவர் வீட்டுப் பரணில்தான் கிடக்கும். பணம் எண்ணிக் கொடுப்பதற்கு முன்னால் எடுத்துத் தரச் சொல்லி, அங்கேயே மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.